முதலில் ஊசி

மார்ச் 4
அடுத்த மாதத்திலிருந்து ரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியாவுக்கான பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. தலைமை நர்ஸ் பியோ அக்கா சியோலுக்கு மாற்றலாகிப் போகிறார். "மூஞ்சிய இப்படி வெச்சுக்காத யுன்ஹா, நோயாளி பயந்துடுவான்" என்றார். பயப்படுவது நான். நான் தவறினால் ஒருவன் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து செத்துப்போவான்.

மார்ச் 12
தலைமைப் பொறுப்பேற்கும் நர்ஸ்களுக்குப் பயிற்சி. ஹோட்டல் மண்டபம், ஆறிப்போன பெட்டிச் சோறு. பயிற்சி நடத்திய அம்மாள் டாக்டராக நடித்தார். தலையில் அடிபட்ட ஹீமோபிலியாக்காரரை நேராக ஸ்கேனுக்கு அனுப்புகிறார். ஸ்கேன் முடிவதற்குள் உள்ளே ரத்தம் கசிந்துவிடும்; நான் தடுக்க வேண்டும். "டாக்டர், ரத்தம் உறையிற ஊசிய முதல்ல போட்டுடலாமா?" என்றேன்.

"கேட்டா வேண்டாம்னுட்டுப் போயிடுவார்மா. சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். மேலே இருப்பவரிடம் இங்கே யார் எதைச் சொல்லியிருக்கிறோம்? கேள்வியாகத்தான் கேட்டுப் பழக்கம். வருடம் முழுக்க வாயை மூட வைத்துவிட்டு, ஒரு நாள் பேசக் கற்றுக்கொடுக்கிறார்களாம்.

மார்ச் 13
தூக்கமில்லை.

ஏப்ரல் 6
பாங் — எங்கள் நோயாளி, சாப்பாடு டெலிவரி செய்பவர் — ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி. அவசரப் பிரிவுக்கு ஓடினேன். அவரோ உட்கார்ந்து, "ஹெல்மெட்டுக்குத்தான் அடி, தங்கச்சி. பாவம், நூடுல்ஸ் செத்துப்போச்சு" என்கிறார்.

அங்கிருந்த டாக்டர் குவாக், "ஸ்கேனுக்குக் கொண்டு போங்க" என்றார்.

"ஊசிய முதல்ல போட்டுடலாமா, டாக்டர்?" — கேள்வியேதான் வந்தது, சனியன்.

"பாத்துட்டுப் போடலாம்."

கட்டில் நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஊசி முதல்ல. ஸ்கேன் அப்புறம்."

"எந்த வருஷம் சேந்தவ நீ?"

சொன்னேன். கையை எடுக்கவில்லை.

"போட்டுத் தொலை."

ஸ்கேனில் கசிவு தெரிந்தது. கொஞ்சம்தான். கழிப்பறையில் போய் வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 7
"குவாக் டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு," என்றார் நர்சிங் மேலாளர். எதுக்கு? பாங் உயிரோட இருக்காரே, அதுக்கா? போய்க் குனிந்து கேட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம்தான். குவாக் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஏப்ரல் 15
பாங் வீட்டுக்குப் போனார்.

மே 19
காலையில் ஒரு பையனுக்கு ஊசி கலக்கிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஜுஹி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அளவு தப்பு, அக்கா. அவன் எடை ஏறியிருக்கு." கேட்கவில்லை, சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. ஒரு கணம் அவளை அறையத் தோன்றியது; 'எந்த வருஷம் சேந்தவ நீ?' என்று வாய்வரை வந்துவிட்டது — குவாக் மாதிரியே. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

எடை பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.

"சரி. மீதிய நீயே கலக்கு," என்றேன்.