இருபதாம் தேதிக்குள் ஒரு புகார்

அன்புத் தோழிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் கணினி தன் சளி பிடித்த குரலில் இதை வாசித்துக்கொண்டிருக்கும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கேள்.

நம் இருவருக்குமாக நீ பார்த்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். சமையலறைக்குள் வெயில் வருவது கன்னத்தில் தெரிகிறது என்ற வரியை மூன்று முறை படித்தேன். அம்மா பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள். “ஒருவழியா கெளம்பிட்டே” என்று தினம் ஒரு துணி மடித்து வைக்கிறாள்.

ஆபீஸ் சங்கதிக்கு வருகிறேன். முப்பத்தொரு துறைகளின் பழைய இணையதளங்களை, கண் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி மாற்றி ஓரிடத்தில் சேர்க்கும் வேலை முடிந்துவிட்டது. முடிந்ததாக நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு படத்துக்கும் அது என்னவென்று ஒரு வரி எழுதுங்கள் என்று துறைகளைக் கேட்டிருந்தோம். பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் ‘படம்’ என்றே எழுதி அனுப்பிவிட்டார்கள். சோதிக்கும் மென்பொருளுக்கு அது போதும். காலியாக இல்லையென்றால் பச்சை காட்டிவிடும். எங்கள் மேலாளருக்குப் பச்சைக்கொடி என்று பெயர் வைத்திருக்கிறோம், உனக்குத் தெரியும். போய்ச் சொன்னேன். “படத்தைப் படம்னு சொல்லாம பின்ன பாட்டுன்னா சொல்லுவாங்க? போற பொண்ணு, கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா போம்மா” என்றார்.

கையெழுத்து இருந்தால்தான் விடுவிப்புக் கடிதம். கடிதம் இல்லாமல் உன் ஊர் வேலையில் சேர முடியாது. செவ்வாய்க்கிழமை போட்டுவிட்டேன். எல்லாப் பக்கங்களையும் நானே சோதித்தேன் என்று. சோதித்தது பாதிதான்.

மறுநாள் மனது கேட்கவில்லை. திரையை அணைத்துவிட்டு, மீதியைக் காதால் மட்டும் கேட்டேன். பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் கேட்கும் விண்ணப்பம் வந்தது. பெயர், பதிவெண், பாடம் எல்லாம் ஒழுங்கு. கடைசியில் ‘படம்’, ‘படம்’ என்றது. ஒன்று அனுப்பும் பொத்தான், மற்றது அழிக்கும் பொத்தான். நான் அழுத்தியதில் எழுதியதெல்லாம் போயிற்று. போன வருஷம் இந்நேரம் பதினோரு பேர் அனுப்பியிருந்தார்கள். இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லை. இருபதாம் தேதி கடைசி நாள்.

பச்சைக்கொடியிடம் ஓடினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “அப்ப அந்தக் கையெழுத்து யாரோடது?” என்று மட்டும் கேட்டார்.

சான்றுக் கையெழுத்து விழுந்ததும் பூட்டிய பக்கங்களை மூன்று மாதத்துக்கு உள்ளேயிருந்து யாரும் தொட முடியாது. வெளியிலிருந்து பயன்படுத்துகிறவர் புகார் கொடுத்தால் மூன்று நாளில் திறந்தே ஆகவேண்டும். அப்படித் திறந்தால், சான்று கொடுத்தவர் முப்பத்தொரு துறைகளையும் முதலிலிருந்து சோதித்து முடிக்கும்வரை விடுவிப்பு கிடையாது. உன் ஊரில் எனக்காக அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் புகார் கொடுத்துத் துறையைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறார்கள்.

பரீட்சைக்கு ஆள் கேட்டு நீ இதே விண்ணப்பத்தில் எழுதிய உன் பழைய பதிவெண் இன்னும் செல்லும்.

இன்று பதினைந்து. அந்தப் பக்கத்தைத் திற. காதில் விழுந்ததை விழுந்தபடி புகாராக எழுது. சான்றளித்தவர் என்ற இடத்தில் என் பெயரை விட்டுவிடாதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கே நான் கூப்பிட்டு, வேண்டாம், பொறு என்று சொன்னாலும் சொல்வேன். அதைக் கேட்காதே, தயவுசெய்து.

உன்னிடம் வந்து சேர ஆசைப்பட்ட,
உன் தோழி