சவுண்ட் சர்வீஸ்காரன் வீட்டுக் கடல்

மே 12, 2008, திங்கள்

என் வீட்டுக்காரி சரசு சம்மதித்துவிட்டாள். நான் அவள் காலில் விழாத குறைதான். வீட்டுக்குள் கடல் வரப்போகிறது!

எல்லாம் நேற்று பாண்டிச்சேரிக் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பெண் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், பாறை, விரல்விரலாக அசைகிற பவளம், நடுவில் ஆரஞ்சும் வெள்ளையுமாய் ரெண்டு மீன். பார்த்தபடியே நின்றுவிட்டேன். அங்கே தாலி கட்டுகிறார்கள், இங்கே மைக்கை ஆன் பண்ணாமல் நிற்கிறேன். பெண்ணின் அப்பா வந்து தோளை உலுக்கினார். இருபத்து மூணு வருஷ மைக் செட் தொழிலில் முதல் தடவை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லையே!

சரசு போட்ட நிபந்தனை ரெண்டு. கரண்ட் பில் எகிறக் கூடாது. சத்தம் வரவே கூடாது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ராத்திரி டியூட்டி. காலை ஒன்பதுக்குப் படுத்தால் மூணு மணி வரை தூங்கணும். பெட்ரூம் மொட்டைமாடிக்குக் கீழே, அடுப்பு மாதிரி கொதிக்கும், அதனால் ஹாலில்தான் படுப்பாள். தொட்டி வைக்க வெயில் படாத இடமும் அதே ஹால்தான்.

"என் தூக்கம் கெட்டுச்சுன்னா மீனுங்க அன்னைக்கே வந்த கடைக்குத் திரும்பிப் போயிடணும். எழுதிக் குடுங்க" என்றாள். இதோ எழுதிவிட்டேன், தசரதன் ஆகிய நான்.

ஆம்ப்ளிஃபையருக்குள் எறும்பு நடந்தாலும் எனக்குக் கேட்கும். எங்கிட்டயே சத்தத்தைப் பத்திப் பேசுறா பாரு!

மே 16, வெள்ளி

பாண்டியில் மீன் கடை வைத்திருக்கும் வேணுவோடு ஃபோனில் ஒரு மணி நேரம். கடல்தொட்டி விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். ஆனால் என்னதான் முணுமுணுக்கிறாரோ மனுஷன், எல்லாவற்றையும் ரெண்டு தடவை சொல்ல வைக்க வேண்டியிருக்கு.

தண்ணீரைக் குளிர வைக்க சில்லர் என்று ஒரு மெஷின் உண்டாம். ஃபிரிட்ஜைவிட ஜாஸ்தி கரண்ட் குடிக்கும், ஃபிரிட்ஜைவிட ஜாஸ்தி உறுமும். வேண்டவே வேண்டாம். தண்ணீர் மேலே படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் மூணு டிகிரி இறங்குமாம், ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் சரி.

லைட்டுக்கு மெட்டல் ஹாலைடு என்றார். ஒண்ணு இருநூற்றைம்பது வாட். அது நாடக மேடைக்குக் கட்டுகிற லைட்டு! மீன் என்ன வசனமா பேசப்போகுது? மெத்துப் பவளத்துக்கு நாலு ஒல்லி ட்யூப் போதும் என்று கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார். பாக்கி இருப்பது பம்ப்பு. தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற கீழ்த்தொட்டி ஒன்று உண்டாம்; அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப்பு, இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். அதை நானே காதால் கேட்டுத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 25, ஞாயிறு

வேணு கடை. மூணு பக்கெட், மூணு பம்ப்பு. ஒவ்வொன்றாக ஓடவிட்டு, காதைப் பக்கெட்டோடு ஒட்டிக் கேட்டேன். முதலாவது 'ஹ்ம்ம்'. ரெண்டாவது அதைவிட மோசம். மூணாவது, ஆகா! ஓடுதா நிக்குதான்னே தெரியல. அம்பது வாட்தான்.

"இதுதான் வேணு."

வேணு என்னையே பார்த்தார். "கன்ஃபர்மாண்ணே? இதுவேதானா?"

"எனக்கு இல்லாத காதா?"

என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் பம்ப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கடல் தண்ணீர் கொண்டுவந்தோம். இருபது லிட்டர் கேன் பன்னிரண்டு. வண்டி ஓட்டியது சுப்பிரமணி. இருபது வருஷமாக என்னோடு ஸ்பீக்கர் கட்டுகிறவன், வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். பாண்டி எல்லை தாண்டினதும் செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.

"கேன்ல இன்னா?"

"தண்ணி சார்!" என்றான் சுப்பிரமணி, மைக் இல்லாமலே.

பாண்டிச்சேரியிலிருந்து வருகிற வண்டியில், பன்னிரண்டு கேன் நிறைய, போலீஸ்காரரிடம் 'தண்ணி'ன்னு சொல்றவனை என்ன பண்றது? ரெண்டு பேரையும் கீழே இறக்கிவிட்டார்கள். கடல் தண்ணி சார், மீனுக்கு சார் என்று கெஞ்சினேன். "திருவண்ணாமலையில இன்னாய்யா கடல் மீனு?" என்று ஒரு கேனைத் திறந்து மூடியில் ஊற்றி, மோந்து பார்த்து, நம்பாமல் ஒரு வாய் குடித்தும் பார்த்துவிட்டார் ஏட்டய்யா. அந்த மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! துப்பித் துப்பி முடித்துவிட்டுச் சொன்னார்: "பாண்டி வரைக்கும் போயி உப்புத்தண்ணி புடிச்சினு வர ஆளுங்க நீங்கதான்யா. போங்க, போங்க."

வண்டியில் ஏறிய பிறகும் செங்கம் ரோடு வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஜூன் 11, புதன்

பாறை போட்டு, தண்ணீர் விட்டு, பம்ப்பு ஓட ஆரம்பித்தாயிற்று. ஒரு மாசம் கழித்துத்தான் மீன் விடணுமாம். காலித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சரசு மட்டும் தூங்கவில்லையாம். கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி 'கீய்ங்'னு கேக்குதாம். கொசுவாத்தான் இருக்கும்னேன். முறைச்சா.

ஜூன் 19, வியாழன்

இன்றும் தூங்கவில்லையாம். பம்ப்புக்குக் கீழே ரப்பர் வைத்தேன். கீழ்த்தொட்டியைப் பலகை வைத்து மூடினேன். உள்ளே தெர்மாகோல். நான் போய்ப் படுத்துப் பார்த்தேன், மயான அமைதி. "இன்னும் கேக்குது" என்கிறாள். ஒத்துக்கொண்டபடி மீனைத் திருப்பிக் கொடுங்க என்கிறாள். மீனே இன்னும் வரலையே, எதைத் திருப்பிக் குடுக்கறது? தட்டை 'டங்'கென்று வைத்தாள். அது கேட்டது.

ஜூலை 12, சனி

வந்துட்டாங்க! ரெண்டு க்ளவுன் மீன், ஒரு கைப்பிடி பவளம். பெரிய ஸ்பீக்கர், சின்ன ஸ்பீக்கர் பேரையே வெச்சுட்டேன்: பெரியவன் ஊஃபர், சின்னவன் ட்வீட்டர். அந்தப் பவளத்து விரல்களுக்குள்ளே ட்வீட்டர் பூந்து பூந்து வருது. சாப்பிடக்கூடப் போகல நான்.

சரசு பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். அப்புறம், "ஒரு வாரம் டைம். அதுக்குள்ள அந்தச் சத்தம் நிக்கல, இதுங்க கிளம்பிடணும். டியூட்டியில நேத்து மருந்துச் சீட்டு மேலயே தூங்கி விழுந்தேன், தெரியுமா? தப்பா ஒரு ஊசி போட்டா யாரு பொறுப்பு?"

நடிக்கிறாளோ? மீன் பிடிக்காமல் இப்படிச் சொல்கிறாளோ?

ஜூலை 17, வியாழன்

இவ பொய் சொல்றா, கையும் களவுமாப் புடிச்சுக் காட்டறேன்னு காலையிலேயே கங்கணம் கட்டிக்கிட்டேன். டியூட்டி முடிந்து வந்து படுத்தாள். "கண்ணை மூடிக்க. பத்து தடவை பம்ப்பைப் போடுவேன், நிறுத்துவேன். ஓடுதா இல்லையான்னு நீ சொல்லணும்" என்றேன். சரி என்றாள்.

பத்துக்குப் பத்து.

நடுவில் ஒரு தடவை சுவிட்சைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு நிறுத்தாமல் விட்டேன். "ஓடிட்டுதான் இருக்குது, திருட்டுத்தனம் பண்ணாதீங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"இப்ப நீங்க படுங்க."

படுத்தேன். சிரிச்சுக்கிட்டுதான் படுத்தேன். ஓடுதுன்னேன். ஓடலைன்னேன். என்ன சொல்றோம்னே தெரியாம வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதல்ல அவளும் சிரிச்சா, ஆறாவது தடவையோட அந்தச் சிரிப்பு நின்னுடுச்சு.

நாலு. பத்துக்கு நாலு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே அஞ்சு வந்திருக்கும்.

பக்கத்துல வந்து உக்காந்தா. "ஏங்க, நெசமாவே கேக்கலையா?"

"நெசமாவே கேக்கல சரசு."

ஜூலை 18, வெள்ளி

அப்போ இத்தனை வருஷம் ஆம்ப்ளிஃபையர் முன்னாடி உக்காந்து நான் என்னத்தைக் கேட்டேன்?

ஜூலை 21, திங்கள்

வேலூரில் காது டாக்டர். தடித்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். மெல்லிய கீச்சுச் சத்தம் போய்விட்டதாம். ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றால் அப்படித்தானாம். போனது வராதாம், காதுக்கு மெஷின் வைக்கலாமாம். மைக் செட்டுக்காரன் காது மெஷின் மாட்டிக்கொண்டு போய் ஸ்பீக்கர் கட்டினால் ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் சரசு அழுதாள். "நர்சு நானு. வூட்ல இருக்கறவருக்குக் காது போனதைக் கவனிக்காம, திமிருன்னு நெனச்சு சண்டை போட்டுனு இருந்திருக்கேன்."

எனக்கு அழுகை வரல. பயமாத்தான் இருந்தது. போன வருஷம் கீழ்பென்னாத்தூர் ஆடித் திருவிழாவில் பாட்டு டல்லா இருக்குதுன்னு ட்ரெபிளை, அதான் அந்தக் கீச்சுச் சத்தத்தை, முழுசா ஏத்திவிட்டேன். பொம்பளைங்க எல்லாம் ரெண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோனாங்க. சாமி வந்துடுச்சுன்னு நெனச்சேன். காதைப் பொத்தியிருக்காங்க! இந்த வருஷம் அவங்க இன்னும் கூப்பிடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வேணுவுக்கு ஃபோன் பண்ணப் போனேன், மீனைத் திருப்பி எடுத்துக்கச் சொல்ல. எழுதிக் குடுத்தவன் நான்தானே. சரசு ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மீனு இன்னாங்க பண்ணுச்சு? பம்ப்பைத் தேர்ந்தெடுத்த காதைத்தான் மாத்தணும். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நானும் வரேன்."

ஜூலை 27, ஞாயிறு

வேணு கடையில் இன்று சரசு ராஜ்ஜியம். பக்கெட் பக்கெட்டாகக் குனிந்து கேட்டாள். நான் வாங்கிய பம்ப்பு மாடலைப் பார்த்ததும் வேணு தலையைச் சொறிந்தார். "அன்னைக்கே சொல்லியிருப்பேன் அக்கா. அண்ணன் அவ்ளோ உறுதியா சொன்னாரு..."

அதோடு விடவில்லை அவள். "கீழ்த்தொட்டி எதுக்குத் தரையில கிடக்கணும்? டிரிப்ஸ் பாட்டிலை எந்த உயரத்துல மாட்டறோம்ங்கறதுதான் கணக்கு. அந்தத் தொட்டியைப் பக்கத்துலயே ஸ்டூல் மேல வெச்சா, தண்ணிய மூணடி ஏத்தத் தேவையில்லையே? அரையடி ஏத்தினா போதாதா?" வேணுவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பதினெட்டு வாட் பம்ப்பே போதும்! அம்பது எங்கே, பதினெட்டு எங்கே.

கரண்ட் போய் பேட்டரி இன்வெர்ட்டரில் ஓடும்போது எல்லாப் பம்ப்பும் உறுமும் என்று எனக்குத் தெரியும். நல்ல வேளை, அந்தத் தடித்த உறுமல் எனக்கே கேட்கிறது. மெயினில் இருக்கிற மாதிரியே சுத்தமான கரண்ட் தருகிற இன்வெர்ட்டர் வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு சாமானாவது நான் தேர்ந்தெடுத்தேன், அது போதும்.

கடைசியில் ஒரு குட்டிப் பம்ப்பைக் கையில் எடுத்தாள். "இதுவும் கேக்குது. ஆனா எங்கியோ தூரத்துல மழை பெய்யற மாதிரி. தூங்கிடலாம்."

ஜூலை 29, செவ்வாய்

ஒன்பது மணிக்குப் படுத்தாள். நாலே காலுக்கு எழுந்தாள். எழுந்ததும் மீனுக்குத் தீனி போட்டது நான் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்! இல்லை, சரசுதான் அவர்களிடம் போய்ப் பேசியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். திட்டணும்னுதான் நெனச்சேன். முடியல.

காலையில் டியூட்டி முடிந்து நேராகத் திருவிழாவுக்கே வந்து, ஜனங்கள் நடுவில் போய் நின்று, கையால் ஜாடை காட்டினாள்: கம்மி பண்ணு, இன்னும் கம்மி, நிறுத்து. நிறுத்தின இடத்தில் ட்ரெபிள் திருகுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அதைத் தாண்டக் கூடாதாம். எனக்குப் பாட்டு கம்பளிக்குள்ளே கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒருத்தர்கூடக் காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்கள்.

சுப்பிரமணிக்கும் சோதனை வைக்கணும். அவனும் கத்தித்தானே பேசுகிறான்.

செப்டம்பர் 18, வியாழன்

பதினோரு மணி இருக்கும். ஒரு வளைகாப்புக்கு செட் கட்டச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம்தான் திரும்புவேன். தொட்டிக்கு முன்னால் நின்று ஊஃபரையும் ட்வீட்டரையும் ஒரு தடவை பார்த்தேன். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிற மாதிரி இருந்தது. சரசு நல்ல தூக்கத்தில் இருந்தாள். செருப்பைப் போட்டேன்.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் கலைந்து, பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு, "ஏங்க, பம்ப்பு நின்னுடுச்சு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். நெசம்தான். தண்ணீர் அசையவே இல்லை. பம்ப்பின் வாயில் ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டிருந்தது. நான் பாட்டுக்குப் போயிருந்தா சாயங்காலம் ரெண்டு மீனும் மல்லாந்திருக்கும். நத்தையை எடுத்து, கழுவி, மறுபடி மாட்டிப் போட்டேன். குழாயில் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டா தூக்கம் வராதுன்னு என்னை அந்தப் பாடு படுத்தினவ, சத்தம் நின்னதும் தூக்கத்துலேர்ந்து எழுந்துட்டா.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது, கேக்குது. தூங்க விடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.