இரண்டாவது வழி எங்கே என்று கேட்ட மாமாவுக்கு

என் பிரியத்துக்குரிய மாமாவுக்கு, எங்கள் மேசையிலேயே பெரிய பிடிவாதக்காரருக்கு,

தேர் நிலைக்கு வந்துவிட்டது மாமா. நம் விளையாட்டை அச்சடிக்க இணையத்தில் நாம் கேட்ட தொகை நேற்று மத்தியானம் நிறைந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங் நடுவே போனைப் பார்த்துவிட்டு நான் "ஐயோ" என்று கத்திய கத்தலில், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்பது தெரியும். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் கூடி, வானத்தில் மிதக்கும் ஒரு சுரங்கத்துக்காக வடம் பிடிப்பார்கள் என்று யார் கண்டது?

இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்கும்படி, பணம் திரட்டிய அதே பக்கத்தில் போடுகிறேன். முதல் நாள், முதல் ஆளாக உங்கள் பென்ஷனிலிருந்து காசு போட்டுவிட்டு, கீழே எல்லோரும் பார்க்கும்படி ஒரு கருத்தும் எழுதினீர்களே. "படம் நன்றாக உள்ளது. இரண்டாவது வழி எங்கே?" சொந்த மாமனார் செய்கிற வேலையா இது? அதற்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. இதுதான் பதில்.

படிக்கிறவர்களுக்காக ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமனார் கோலார் தங்கவயலில் முப்பது வருடம் நிலத்துக்குக் கீழே வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரு ஜோகுபாளையத்தில் மகனோடு வந்து இருந்தார். எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், எங்கள் இருவருக்கும் நடந்த பேச்செல்லாம் "சாப்ட்டியாம்மா", "சாப்ட்டேன் மாமா" தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு விளையாட வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இரைச்சல் தாங்காமல் எட்டிப் பார்த்த மாமா, மூன்றாவது வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எங்களுக்குள் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. சண்டைக்கும்தான்.

நான் எழுதிய சாகசத்தை முதல் தடவை ஆடிய நாள் நினைவிருக்கிறதா மாமா? செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் ஒரு பாறை, அதற்குள் ஒரு சுரங்கம், இறங்க ஒரே துளை. ஆட்கள் உள்ளே போனதும் அது இடிந்து மூடிக்கொள்ளும். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னாம்மா இது, ஏறி வர்றதுக்கு இன்னொரு வழியே காணோம்?"

"இல்ல மாமா. அதான் கதையே."

"அப்போ வேலாயுதம் இறங்கமாட்டான்."

வேலாயுதம் உங்கள் பாத்திரம். மூன்று மணி நேரம் துளையின் வாயிலேயே உட்கார்ந்திருந்தான். கீழே போனவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் செத்த பிறகு, "நான் நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனீர்கள். நண்பன் மஞ்சு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"வழி இருந்தா பயம் எங்க மாமா இருக்கும்?" என்றேன்.

"எங்க சுரங்கத்துல ஆள ஏத்தி இறக்குற கூண்டு நின்னுபோனாலும் ஏறி வர ஏணி வழி ஒண்ணு இருக்கும்மா. நாலு பேர் போனா நாலு பேரும் வரணும்ல?"

நான் விடவில்லை. உங்களுக்குக் கதை தெரியாது என்றேன். உங்களை வெறுப்பேற்றவே, பணம் திரட்டும் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "தப்பிக்க ஒரே ஒரு வழி" என்று போட்டேன். நீங்கள் அதன் கீழேயே கேள்வியைப் போட்டீர்கள். வீம்பு எனக்கு. மெதுவாகப் பதில் எழுதலாம், அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்தேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ அல்சூர் ஏரியைத் தாண்டவில்லை.

உங்கள் கேள்வி பதிலில்லாமலே நின்றுவிட்டது மாமா.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் வரைபடத்தை எடுத்து ஏணி வழியை வரைந்தேன். படம் வரையும் நவீனா சும்மா இருப்பாளா? "ஒரே வழின்னு சொல்லித்தானேடி காசு கேட்டோம்? போட்டவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?" அவள் கேட்டது நியாயம். எனக்கும் உள்ளூர உதறல்தான். உங்களுக்காக வழியை வைத்து, ஆட்டம் நமுத்த பட்டாசாகிவிட்டால்? ஆடிப் பார்த்து முடிவு செய்வோம் என்றேன்.

போன ஞாயிறு ஒரு ஆள் குறைந்தது. உங்கள் மகனைப் பிடித்து உட்கார வைத்தேன். பகடையைத் தொட்டதே இல்லாத பிரபு. "அப்பா மாதிரி மேலயே உக்காந்துக்கறேன். சீக்கிரம் முடிங்க" என்று வேலாயுதத்தை வாங்கிக்கொண்டார்.

சுரங்கம் இடிந்தது. மஞ்சு ஏணி வழியைக் கண்டுபிடித்து மேலே வந்துவிட்டான். நவீனாவின் ஆள் மட்டும் கீழே, காலில் பாறை. "அவ்ளோதானா, தப்பிச்சாச்சா?" என்றான் மஞ்சு. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. நவீனா தன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரபு கேட்டார், "அந்த ஏணி எவ்ளோ அகலம்?"

"ஒரு ஆள் போகலாம்."

"அங்க காத்து இருக்கா?"

"கொஞ்சம்."

"அப்போ வேலாயுதம் இறங்கறான்."

மாமா, அந்த அரை மணி நேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பகடை. இப்போதும் திரும்பலாம் என்று ஒவ்வொரு படியிலும் நான் சொல்ல, அவர் இன்னொரு படி இறங்கினார். மஞ்சு நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான். வழியை அடைத்தபோது எல்லோரும் சாவுக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். வழி இருந்தபோதுதான் பயந்தார்கள். கடைசிப் பகடை விழுந்து நவீனா மேலே வந்ததும் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு பிரபு வேலாயுதத்தின் குறிப்புத் தாளைக் கொடுக்கவில்லை. "அடுத்த ஞாயிறும் நானே ஆடறேன்" என்றார்.

ஆகவே, காசு போட்ட அன்பர்களே, கொட்டை எழுத்தை எடுத்துவிட்டேன். ஒரே வழிதான் வேண்டும் என்கிறவர்கள் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கோபமில்லை. திங்கட்கிழமை புது வரைபடம் அச்சுக்குப் போகிறது.

மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி. இரண்டாவது வழி மூன்றாம் மட்டத்தில், இடது பக்கம், பழைய பம்புக்குப் பின்னால் இருக்கிறது. இனி நான் எந்த உலகத்தைக் கட்டினாலும், ஆட்களை உள்ளே அனுப்பும் முன் அவர்கள் திரும்பி வரும் வழியை வரைந்துவிடுவேன். சத்தியமாக.

இப்படிக்கு,
சண்டையில் தோற்றதை உங்களிடம் நேரில் சொல்ல முடியாமல் போன மருமகள்,
கயல்விழி