வள்ளியோட முடி

1957 ஆனி 28, வெள்ளி

பெரியசாமி மாமா சொன்னது காதுலயே நிக்குது. வருசா வருசம் தேயிலைத் தோட்டத்து ஆளுங்களைக் கதிர்காமத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறவரு அவருதான். சாயங்காலம் எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்னு, "இந்த வருசம் நீ எங்ககூட வேணாம் ஆயி. செத்த பிள்ளை முடியைச் சொமந்துகிட்டு நீ வந்தா, காட்டுல எது நடந்தாலும் உன்னைத்தான் சொல்லுவாங்க"ன்னாரு. ஏசலை. மெதுவாத்தான் சொன்னாரு.

எம் மக வள்ளிக்குக் கதிர்காமத்துல மொட்டை போடுறதா நேர்ந்திருந்தோம். அதுக்குள்ள மாசியில காய்ச்சல் கொண்டுபோயிருச்சு. குழியில வைக்கிறதுக்கு முன்னாடி அவ முடியை நான்தான் வெட்டி எடுத்துத் துணியில முடிஞ்சு வச்சேன்.

அப்ப நான் தனியாத்தான் போகணும். எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "அந்தச் சாமி மொகத்துல முழிக்க மாட்டேன்"னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. நாத்தனாதான் அவலும் வெல்லமும் கட்டிக் கொடுத்தா. "உங்க மூஞ்சியைப் பாத்தா யானையே வழி விட்டுரும் அண்ணி"ன்னா. என்னைச் சிரிக்க வைக்கப் பாத்து, அவளே அழுதுட்டா.

விடிஞ்சா கெளம்பணும். கம்பளி, தீப்பெட்டி, விரிச்சுப் படுக்க ஒரு படங்கு, எல்லாம் எடுத்து வச்சாச்சு. வெல்லவாயா தாண்டினா பல நாளைக்குக் காடுதானாம். தனியா நான் நுவரெலியா டவுனுக்குக்கூடப் போனதில்லை.

காட்டைக்கூடத் தாண்டிருவேன். முடியைக் கொடுத்துட்டுத் திரும்பி வரணுமே. அப்புறம் அவளோடதுன்னு எங்கிட்ட ஒண்ணுமே இருக்காது. கொஞ்சம் எடுத்து வச்சுக்கலாமான்னு முடிச்சை அவுத்தேன். சாமிக்குச் சொன்னதுல எப்படிப் பாதி எடுக்கிறது? இன்னும் எண்ணெய் வாசம் போகலை. திரும்பக் கட்டக் கை வரமாட்டேங்குது.