நீ நின்ற இடத்துக்கே போகும் பந்து

ஓடும்போதும் வாயை மூடத் தெரியாத என் புவனா அக்காவுக்கு,

போன சனிக்கிழமை நம் கல்லூரி ஹாக்கி அணிக்கு ஆட்டம் இருந்தது. யார் ஜெயித்தது என்றுதான் நீ முதலில் கேட்பாய். அதைச் சொல்லிவிட்டால் மீதியைக் கேட்காமல் எழுந்து போய்விடுவாய். அதனால் முடிவை இப்போது சொல்லமாட்டேன். உட்கார்ந்து கேள்.

முதலில் வீட்டுச் செய்தி. ஆயர் தாவார் வீட்டில் உன் அம்மா, என் பெரியம்மா, நன்றாக இருக்கிறார். முட்டி வலி மட்டும் விடவில்லை. செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் குரங்குகளை உன் பழைய மட்டையை வைத்துத்தான் விரட்டுகிறார். "இதையாச்சும் பிரயோஜனமா வச்சிட்டுப் போனாளே" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சமையலறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது அக்கா. நம் இரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். அது நீயாக இருந்திருக்க வேண்டும். கடைசி செமெஸ்டரில் டெங்கிக் காய்ச்சல் வந்து நீ போகாமல் இருந்திருந்தால், நான் இரண்டாவது ஆளாக உன் பின்னால் நிம்மதியாக வந்திருப்பேன். பின்னால் நிற்பதுதான் எனக்கு வசதி என்று உனக்குத் தெரியாதா?

இப்போது ஈப்போவில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் திடலுக்குப் போகிறேன். நீ ஆடிய காலத்தில் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வந்தேன் அல்லவா, அதே வேலைதான். கோச்தான் கூப்பிட்டார். "நீ வந்து சும்மா நின்னாப் போதும் தேவி. அந்தப் பிள்ளைங்களுக்குப் புவனா ஞாபகம் இருக்கும்" என்றார். உன் ஞாபகம்தான் அவர்களுக்கு நிறைய இருந்தது. அதில்தான் சிக்கலே.

ஒரே ஒரு ஆள் ஓர் அணிக்கு எவ்வளவு? நீ இருந்தபோது இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை. பின்னால் பந்து கிடைத்தால் உன்னிடம் தள்ள வேண்டும், பிறகு நீ பார்த்துக்கொள்வாய். கோச் பலகையில் எத்தனை கோடு போட்டாலும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "புவனாகிட்ட குடுங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் பற்றாத சின்னக் கல்லூரி நம்முடையது. உன்னைப் போல ஒருத்தி கையில் இருந்தால் எந்தக் கோச்சும் அதைத்தான் செய்வார். பெரிய பெரிய கல்லூரிகளை நாம் தோற்கடித்ததும் அப்படித்தான்.

இப்போது கோல் கம்பத்துக்கு முன்னால் தடுத்து ஆடும் யாஸ்மின்தான் அணித் தலைவி. நீ "குட்டி மாமாக்" என்று அவள் அப்பாவின் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை வைத்துக் கிண்டல் செய்வாயே, அதே யாஸ்மின்தான். அவளுடைய அத்தா ஒரு நாள் அந்தக் கடையில் ரொட்டி வீசிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்தப் புள்ள போச்சு, டீமும் போச்சு லா." அவள் கோபத்தில் தட்டை டங்கென்று வைத்தாள்.

உனக்காக இவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யாஸ்மின் தன் அத்தா கடையிலிருந்து ஐஸ் மிதக்கும் தே ஆயிஸ் தேத்தண்ணீர் ஒன்று கட்டிக்கொண்டு வருவாள். உனக்குப் பிடித்த மாதிரி சீனி தூக்கலாக. அந்தப் பிளாஸ்டிக் பையை, கயிறும் உறிஞ்சு குழலுமாக, நீ உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் மாட்டிவிடுவாள். எல்லோரும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நிற்போம். ஆட்டம் முடிந்ததும் ஐஸ் உருகிப்போன தேத்தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிடுவோம். முதல் தடவை பார்த்தபோது நான் அழுதேன். பிறகு பழகிவிட்டது.

உன் இடத்தில் ஆடுகிறவள் பெயர் ஷாலினி. ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் மீன்பிடிக்கிறவர் மகள். முதலாம் ஆண்டு. உன்னைப் பார்த்ததே இல்லை. வேகமாக ஓடுவாள், பந்தை நன்றாக நிறுத்துவாள், மூத்தவர்களைப் பார்த்தால் மட்டும் தலை தானாகக் கவிழ்ந்துவிடும். திடலுக்குள் பந்து வேண்டுமென்றால் கத்த வேண்டுமே? அவள் கையைப் பாதி தூக்கி, "அக்கா... குடுக்கிறீங்களா க்கா..." என்பாள். கடை வாசலில் நின்று மீதிச் சில்லறை கேட்பது போல இருக்கும். அவள் கேட்டு முடிப்பதற்குள் எதிரணி பந்தோடு போயிருக்கும்.

பெரிய தப்பு அவளுடையது இல்லை அக்கா. ஓரத்தில் நின்று பேசாமல் பார்க்கிறவளுக்குச் சில விஷயம் தெரியும். நீ நடுவில் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்பாய். ஷாலினி வலப்பக்கம் நிற்கிறவள். யாஸ்மினும் மற்றவர்களும் பந்து கிடைத்ததும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கை பழகிவிட்டது. பந்து நேராக இடப்பக்கம், நீ நின்ற இடத்துக்குப் போகிறது. அங்கே வெறும் பச்சை. எதிரணிக்காரி சாவகாசமாக வந்து எடுத்துக்கொண்டு போகிறாள்.

ஒரு தடவை வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள். "யாருக்குடி பாஸ் பண்றீங்க, பேய்க்கா?"

யாஸ்மின் மட்டையோடு வேலியை நோக்கி ஓடினாள். கோச் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த வார்த்தை ஏன் அவ்வளவு சுட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. உன்னைப் பற்றி அப்படி எப்படிச் சொல்வது?

அப்படியே தோற்றுக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு தோல்விக்கும் "புவனாக்கா இருந்திருந்தா..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள், முடிக்கமாட்டார்கள். ஷாலினி காலணிக் கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். நான் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தேவிக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் கோச்கிட்ட சொல்லிடப் போறேன். நான் டீமை விட்டு நின்னுக்கிறேன்."

"ஏன்மா?"

"நான் தப்புப் பண்ணா யாரும் என்னைத் திட்ட மாட்றாங்க க்கா. எல்லாரும் அந்தத் தே ஆயிஸ்ஸதான் பாக்குறாங்க."

அவள் நின்றுவிட்டால் நடுவில் ஆட நம்மிடம் வேறு ஆள் இல்லை. அதுகூட எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. ஆடத் தெரிந்த ஒரு பெண், தான் பார்த்தேயிராத ஒருத்தியிடம் தோற்றுப்போய் மட்டையைக் கீழே வைக்கப் போகிறாள். அந்த ஒருத்தி நீ. நீ உயிரோடு இருந்திருந்தால் இவளைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்திருப்பாய்.

முதல் பாதியில் ஒரு கோல் பின்தங்கிவிட்டோம். பந்து வழக்கம்போல இடப்பக்கம் போனது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். இடைவேளைக்கு வந்து உட்கார்ந்தால் தண்ணீர் இல்லை. நான் அடுக்கி வைத்த போத்தல்கள் ஆட்டத்துக்கு முன்பே காலி. ஐஸ் பெட்டியை வேனிலேயே விட்டுவிட்டோம். கோச் எடுத்து வர ஓடினார்.

ஷாலினிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பெஞ்சின் ஓரத்தில் கை நீட்டி, கிடைத்த பையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"ஏய்! அது புவனாக்காவுக்கு வச்சதுடி!" என்றாள் யாஸ்மின்.

ஷாலினி கண்ணைத் திறந்தாள். குழல் வாயிலேயே இருந்தது. வாய்க்குள் இருப்பதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்பியபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

அக்கா, நான் பேசினேன். நம்புவாயா? கூட்டத்தில் என் பெயரைச் சொல்லவே தடுமாறுகிறவள், அத்தனை பேருக்கு முன்னால் பேசினேன்.

"முழுங்கும்மா," என்றேன். "படையல் வச்சா எடுத்துச் சாப்பிடணும். எங்க வீட்ல யாரும் கொட்ட மாட்டாங்க. கும்பிட்டு முடிச்சா எல்லாருக்கும் பங்கு உண்டு. நாமதான் இவ்வளவு நாளா மரத்தடியில ஊத்திட்டு இருக்கோம்."

அணியில் பாதிப் பேர் வீட்டில் படையல் போடுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் தெரியாதா? தெரியும். உன் விஷயத்தில் மட்டும் மறந்துவிட்டோம். எடுத்துக் குடித்தால் நீ போய்விட்டது உறுதியாகிவிடும் என்று பயந்தோமோ என்னவோ.

யாஸ்மின் என்னையே பார்த்தாள். "அப்படியா தேவிக்கா? எனக்கு ஏன் யாருமே சொல்லல? நான் பாட்டுக்கு அவங்களுக்குப் பிடிச்சதாச்சேன்னு கட்டிட்டு வந்தேன். எங்க அத்தா தேத்தண்ணி எவ்வளவு வீணாப் போச்சு லா!"

யாரோ சிரித்துவிட்டார்கள். யாஸ்மின் பையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்து முகத்தைச் சுளித்தாள். "அய்யோ, இவ்வளவு சீனியா? புவனாக்கா இதக் குடிச்சிட்டா ஓடினாங்க?" பை கை மாறி என்னிடமும் வந்தது. கடைசியில் வெறும் ஐஸ்தான் எனக்குக் கிடைத்தது.

வாய் திறந்ததுதான் திறந்தோம், மூடுவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "யாஸ்மின், பந்து கெடச்சா நீ அந்தப் பக்கமே போடுற. ஷாலினி இந்தப் பக்கம் நிக்கிறா." கையால் இடப்பக்கத்தைக் காட்டினேன். "அங்க யாரும் இல்லம்மா."

உன்னைப் பற்றி அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நாங்கள் யாரும் அவளைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷாலினியிடம் திரும்பினாள்.

"நீயும் கேளுடி. வாய் இருக்குல்ல? நான் என்ன உன் மனசுல இருக்கிறதப் பாத்துக்கிட்டா ஓட முடியும்?"

இரண்டாம் பாதி தொடங்கியும் பந்து ஒன்றிரண்டு தடவை உன் பக்கமே போனது. பழகிய கை சட்டென்று மாறுமா? அப்புறம் ஒரு தடவை யாஸ்மினிடம் பந்து வந்தது. அவள் மட்டையை ஓங்கினாள், வழக்கமான பக்கம். அப்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் திடலே அதிரும்படி கிளம்பியது.

"யாஸ்மின்! இங்க குடு!"

அக்காவும் இல்லை, ங்க-வும் இல்லை. எதிரணிக்காரிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாஸ்மின் அதிர்ச்சியில் நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்ததால்தான் அவள் கண்ணில் ஷாலினி பட்டாள். பந்து போனது. அதிலிருந்துதான் நம் கோல் வந்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது அக்கா. ஜெயிக்கவில்லை. கடைசியில் கிடைத்த பெனால்டி கார்னரை வீணாக்கிவிட்டோம். நீ இருந்திருந்தால் அது உள்ளே போயிருக்கும், நாம் ஜெயித்திருப்போம். யாஸ்மினின் அத்தா பாதி சரியாகத்தான் சொன்னார். உன்னைப் போல ஒருத்தி போனால் அணி இளைக்கத்தான் செய்யும். ஆனால் நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் மற்றவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே ஆடப் பழகியிருந்தார்கள். இதற்கு உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும்தான் எங்கே போனாலும் உன்னைப் பேசவிட்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் ஷாலினி நேராக யாஸ்மினிடம் ஓடினாள். "சாரி க்கா, பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன் க்கா."

"உள்ள இருக்கும்போது பேரச் சொல்லு. வெளிய வந்து சொன்ன, அடி வாங்குவ," என்றாள் யாஸ்மின்.

கோச் அங்கேதான் நின்றார். ஷாலினி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மட்டையை உறைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேன் ஈப்போ நெரிசலில் நின்று நின்று போனது. விடுதி நெருங்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"தேவிக்கா, புவனாக்கா எப்பவுமே நல்லாத்தான் ஆடுவாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நீ போன நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அதைத்தானே சொல்கிறோம்? நீ ஒரு தடவைகூடத் தடுக்கி விழாதவள் போல, ஒரு பந்தையும் கோட்டை விடாதவள் போல. அப்படிச் சொன்னால் உனக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "ஒரு நாள் உட்கார்ந்து சொல்றேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப்போனாள்.

இந்தச் சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லப் போகிறேன். நீ கல்லூரி அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து தொடங்குவேன். பந்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாய், தோற்றோம். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "நான் இதுக்கு லாயக்கில்ல தேவி, வா வீட்டுக்குப் போலாம்" என்று அழுதாய். நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை உன்னிடம்கூட நான் திரும்பப் பேசியதில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றி அவளிடம் ஒன்றையும் கூட்டிச் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். இது என் சத்தியம்.

உன் சித்தி மகள், உன் தங்கச்சி,
தேவி