முன் இருக்கைக்குக் கீழே என்ஜின்

யூலை 14, திங்கள்
விடியவே மழை. நான் ஓட்டும் ஸ்கூல் வான் இருமி இருமித்தான் ஸ்ரார்ட் பிடித்தது. வெள்ளவத்தையில் பிள்ளைகளை ஏற்றி, கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், கொள்ளுப்பிட்டி சிக்னலில் நின்றேவிட்டது. பின்னால் பஸ். ஓயாமல் ஹோர்ன். உள்ளே ஒரே பெற்றோல் மணம்.

முன் இருக்கையில் அபி. அதற்குக் கீழேதான் என்ஜின்.

"அன்ரி, தலை சுத்துது."

எல்லாரையும் இறக்கி நடைபாதையில் நிறுத்தினேன். தெரிந்த இன்னொரு வான்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் கராஜுக்குப் போன் எடுத்தேன்.

யூலை 15, செவ்வாய்
வான் இரத்மலானையில், நிஸாம் நானாவின் கராஜில். என்ஜினுக்குப் பெற்றோல் விடுகிற காபரேட்டருக்குள், அதை அடைக்கும் ஊசி தேய்ந்துவிட்டதாம். பெற்றோல் வழிந்து, சூடான என்ஜினில் விழுந்திருக்கிறது. தீப்பிடிக்க ஒரு பொறி போதுமாம்.

இரண்டு வழி. புதுக் காபரேட்டர். இல்லாவிட்டால் அதை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் செற்: கம்பியூட்டர் அளந்து பெற்றோல் விடும், மழையிலும் சண்டித்தனம் இல்லை.

"எது பயமில்லாதது, நானா?"

"ஒழுங்கா போட்டா ரெண்டும் பயமில்ல தங்கச்சி. அவசரத்துல போட்டா ரெண்டும் பயம்தான்."

இது ஒரு பதிலா?

யூலை 16, புதன்
மீன் வாங்க மறந்து, பருப்பும் சோறும். வீட்டில் இவருக்கு இன்ஜெக்‌ஷன்தான் வேணுமாம். வீடியோ வீடியோவாகப் பார்க்கிறார்.

"அதின்ர பம்ப் அமுக்கத்தில பெற்றோல் லைன் வெடிச்சா என்னப்பா செய்யிறது?"

"நீர் ஏன் எல்லாத்துக்கும் கெட்டதையே யோசிக்கிறீர்?"

என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் இருக்கிறபடியால்தான்.

அபியின் அம்மா போன் எடுத்தா. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்கு அவளை அப்பா கொண்டுபோய் விடுவார்."

குறை ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டேன்.

யூலை 18, வெள்ளி
பஞ்சிகாவத்தையில் இன்ஜெக்‌ஷன் செற் விற்கிற கடை. சென்சர் பழுதானால் என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்துதான் எடுக்கவேணுமாம். எப்ப வரும்? கையை விரித்தார். நானாவும் சொல்லிவிட்டார்: டாங்க் உள்ளே துரு, கரண்ட் தருகிற ஓல்ரனேற்றரின் பலமும் காணாது, இரண்டையும் மாற்றாமல் இன்ஜெக்‌ஷன் பூட்டினால் பம்ப் எந்நேரமும் நிற்கலாம். திரும்பவும் நடு ரோட்டா?

காபரேட்டர். புதுசு. குழாய்களும் புதுசு. தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று. சரிதானா? சரியாகத்தான் இருக்கவேணும்.

யூலை 20, ஞாயிறு
வெயில். நானா வேலையை முடித்துவிட்டார்; வானை எடுக்கப் போனேன். கல்கிசை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். மணம் இல்லை. நின்று நின்று ஓடினேன், அணையவில்லை. ஆனால் கண் அந்த முன் இருக்கையிலேயே. காபரேட்டரோ இன்ஜெக்‌ஷனோ, எதைப் பூட்டினாலும் என்ஜின் அதற்குக் கீழேதானே.

கராஜுக்குத் திரும்பினேன். "நானா, இந்த சீற்றைக் கழட்டிவிடுங்கோ."

"ஒரு புள்ளட எடம் போயிருமே தங்கச்சி."

"ஓம். அதுக்குத்தான்."

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

யூலை 21, திங்கள்
தூறல். அபியின் வீட்டுக் கேற்றடியில் தாயும் மகளும் நிற்கினம். அபி யூனிபோர்முடன், தோளில் பாக்.

"வான் திருத்தியாச்சாமே அக்கா. இண்டையில இருந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

உள்ளே எட்டிப் பார்த்தா. இருக்கை இருந்த இடத்தில் வெறும் தகடு.

"பின்னால நெருக்கி இருத்தேலாதோ?"

பின்னால் ஏற்கெனவே பிள்ளைகள் தோளோடு தோள்.

"ஏலாது பிள்ளை," என்றேன் தாயிடம். அபியின் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன். வான் ஒரே தரத்தில் ஸ்ரார்ட் பிடித்தது.