அவரைப் பந்தலில் இருந்தது கதண்டு இல்லை

என் கமலாவுக்கு,

உன் அவரைப் பந்தல் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகக் கேள், உனக்கு இப்போது நேரம் இருக்கும்.

பந்தல் காலில் துளை போட்டுக் குடியிருந்த பெரிய கருவண்டுகளைக் கதண்டு, அந்த விஷக் குளவி, என்று சொன்னவன் நான்தான். ஒன்று கொட்டினாலே ஆள் காலி என்றும் சொன்னேன். "அதுங்க பாட்டுக்கு வருது, போவுது. நீங்க உள்ள போய்ப் படிங்க" என்று சொல்லிவிட்டு நீ காய் பறித்தாய். தெரு என்னை நம்பியது. கண்ணாடி போட்டவன், கையில் புத்தகம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

உன் தம்பி ஏழுமலையும் நம்பியதுதான் வினை. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்த மறுநாள், உன் முதல் தெவசத்துக்கு நாலு நாள் முன்னால், மண்ணெண்ணெய் டின்னோடு வந்து நின்றான்.

"புள்ளைங்க எல்லாம் வரும் மாமா. ஒண்ணு கொட்டுச்சுனா அக்கா தெவசத்தோட இன்னொண்ணும் சேர்த்து வெக்கணும். பந்தலைக் கொளுத்திடலாம்."

"கதண்டா இருக்காதுனு தோணுது, ஏழுமலை."

"நீங்கதான சொன்னீங்க? படிச்சவரு."

நான் சொன்ன எதையும் கேட்காதவன், இதை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தான்.

இந்தப் பருவம் முழுக்கக் காய் பறித்தவன் நான். காதோரம் ரீங்காரமிட்டதே தவிர ஒன்றும் கொட்டவில்லை. ஆனால் என் காதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா? மூன்று நாள் அவகாசம் கேட்டு, தேரடி வீதி ஸ்டுடியோவில் கேமரா இரவல் வாங்கினேன்.

வண்டுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை இல்லை. ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "இன்னா சார், வெறும் கம்பத்தையே எடுத்திருக்கீங்க?" என்றார். ஒன்றே ஒன்று தேறியது. துளைக்குள் பாதி நுழைந்துவிட்ட வண்டின் பின்புறமும், கீழே உதிர்ந்த மரத்தூளும்.

ஏழுமலையைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு, கல்லூரியில் விலங்கியல் நடத்தும் வாத்தியாரிடம் போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கதண்டு பெருசா கூடு கட்டி கூட்டமா இருக்கும். இது மரத்தைக் குடையற வண்டுங்க. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பொண்ணுக்கு உண்டு, ஆனா புடிச்சு நசுக்கினாதான் கொட்டும். அவரைப் பூவுக்கு இது வர்றது நல்லதுதான்."

வாசலுக்கு வந்ததும் ஏழுமலை கேட்டான். "அப்போ அக்கா சொன்னது?"

"சரி" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நீ இருந்தபோது உன்னிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஏன் சொல்லவில்லை, கமலா?

நேற்று தெவசம் முடிந்தது. பிள்ளைகள் பந்தலுக்கு அடியில்தான் விளையாடினார்கள். நான் மத்தியானம் படுத்துத் தூங்கினேன், நாலு நாளில் முதல்முறையாக.

வண்டு குடைந்த பந்தல் கால் உள்ளே பொள்ளலாகிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் புதுச் சவுக்குக் கழி நட்டுப் பந்தலை அதில் ஏற்றிக் கட்டுகிறேன். பழையதைப் பிடுங்க மாட்டேன். தெருவில் பயம் இன்னும் தீரவில்லை. நாளையிலிருந்து வீடு வீடாகப் போய், நீ சொன்னதுதான் சரி என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்ட
வீட்டுக்காரன்